சாலையை நிறுத்தியது நீதிமன்றமா?

பெரிய சாலைகளும் அணைகளும் விமான நிலையங்களும் நம் நாட்டில் உரிய காலத்தில் எழாமற் போவதற்கு நீதிமன்றங்களே முதற்காரணம் என்றும், ஆகையால் இத்தகைய திட்டங்கள் குறித்துச் சர்க்கார் செய்யும் முடிவுகளைப் பரிசீலிக்க நீதிபதிகளுக்கு உள்ள அதிகாரத்தைக் குறுக்கிவிட வேண்டும் என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடையே ஆழ வேரூன்றிவிட்டது. 2017-18ஆம் ஆண்டின் மத்தியப் பொருளாதார ஆய்வறிக்கை, வழக்குகளின் தாமதத்திற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, தடையாணைகளால் முடங்கிய திட்டங்களைச் சுட்டிக் காட்டிற்று. 2018இல் பார்லிமெண்டு 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தைத் திருத்தி, கட்டுமானத் திட்டங்களின் ஒப்பந்தங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் வேலை தாமதப்படும்படியான தடையாணை எதையும் நீதிமன்றம் பிறப்பிக்கலாகாது என்று விதித்தது. ஒப்பந்த வழக்குக்கு விதித்த இக்கட்டுப்பாட்டை, நிலம் இழப்பவனும் காடு இழக்கும் ஊரும் தொடுக்கும் ரிட் மனுவுக்கும் நீட்டிவிட வேண்டும் என்பதே இன்று ஓங்கி ஒலிக்கும் குரல். அக்குரல் தவறானது என்பதை இங்கே காட்ட முற்படுகிறேன்.

எதிர்த்தரப்பை முதலில் அதன் வலிமை குன்றாமல் எடுத்துரைப்பதே நியாயம். ஒரு திட்டம் ஓராண்டு தாமதித்தால் அதன் செலவு ஏறுகிறது. ஏறிய செலவைச் சுமப்பவர்கள் வரி கட்டும் பொதுமக்கள், வழக்குத் தொடுத்தவர் அல்லர். நீதிபதி சட்டம் பயின்றவர்; மண்ணின் தாங்குதிறனையோ போக்குவரத்தின் அளவையோ நிர்ணயிக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சர்க்கார் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. நீதிமன்றத்துக்கு அந்தப் பொறுப்பு இல்லை. சில நூறு பேரின் மனக்குறையைப் பணத்தால் தீர்க்க வழியிருக்கையில் பல லட்சம் பேரின் நன்மையை நிறுத்தி வைப்பது தர்மமாகாது. போதாக்குறைக்கு, ஒரே விவகாரம் உயர்நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்சநீதிமன்றம் என்று மூன்று வாசல்களில் மூன்று முறை வாதிக்கப்படுகிறது. இவற்றுள் முதலாவதையும் கடைசியையும் நான் மறுக்கவில்லை. காலத்துக்கு விலை உண்டு; ஒரே வழக்கு மூன்று இடங்களில் நடப்பது யாருக்கும் நன்மையன்று. இவ்விரண்டு உண்மைகளையும் ஒப்புக்கொண்ட பிறகும், அவர்கள் கேட்கும் முடிவு இவற்றிலிருந்து பிறப்பதில்லை என்பதே என் வாதம்.

நான் எழுதுவது பாப்பாரப்பட்டியிலிருந்து. சேலம்-சென்னை எட்டுவழிச் சாலையின் கோடு எங்கள் ஊரைத் தொடவில்லை. இதே தருமபுரி மாவட்டத்தின் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் வழியாகத்தான் அது வரையப்பட்டது. ஆகவே எனக்கு அதில் இழக்க நிலமில்லை. சாலையே வேண்டாமென்று முழங்கும் மாவட்டமும் இது அன்று. தொப்பூர்க் கணவாயில் லாரிகள் நிலைதவறிக் கவிழ்ந்து உயிர்கள் போன செய்தியைக் கேட்டுக் கேட்டு, அங்கே பாதையைச் செம்மைப்படுத்த வேண்டுமென்று மன்றாடியவர்கள் நாங்கள்.

1. எட்டுவழிச் சாலையை நிறுத்தியது யார்? நீதிமன்றத்தைக் குறை கூறுவோர் எல்லோரும் முதலில் எடுத்துக் காட்டும் உதாரணம் இது. ஆகையால் இதன் நாட்குறிப்பை வரிசையாகப் பார்த்துவிடுவது நலம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் ஊடே 277 கிலோமீட்டர் நீளத்தில், சுமார் 10,000 கோடி ரூபாய் செலவில், பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ் இச்சாலை 2018இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே வயல்களில் அளவுக் கல் நடப்பட்டது. எதிர்த்தவர்களைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். விவசாயிகளும் மற்றவர்களும் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுக, நீதிபதிகள் டி.எஸ். சிவஞானமும் வி. பவானி சுப்பராயனும் அடங்கிய அமர்வு 2019 ஏப்ரல் 8ஆம் தேதி நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்துச் செய்தது. வழக்குத் தொடுத்ததிலிருந்து தீர்ப்பு வரை சென்றது ஏறத்தாழ ஓராண்டுதான். அத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது சர்க்கார் தரப்பு. அந்த மேல்முறையீடு முடிய இருபது மாதங்கள் ஆயின. 2020 டிசம்பர் 8ஆம் தேதி நீதிபதி கன்வில்கர் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு அறிவிக்கைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அன்றோடு சர்க்கார் வென்றுவிட்டது. வழியில் நீதிமன்றத் தடை எதுவும் இல்லை. ஆனால் சாலை இன்றுவரை போடப்படவில்லை. வழக்கு நடந்த காலத்தைவிட, வழக்கை வென்ற பின் சும்மா கழிந்த காலம் நீண்டதாக இருக்கையில், நீதிமன்றத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எந்தத் தர்க்கம்?

2. தாமதம் என்றால் தடையாணைதானா? தருமபுரிக்காரனிடம் இதைக் கேளுங்கள். எங்கள் பூமிக்கடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பழுதுற்ற தலைமுறைகள் காத்துக் கிடந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காக. ஜப்பானிய நிதியுதவியோடு வந்த அத்திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்பையும் அங்கே வரவிருந்த தேர்தலையும் முன்னிட்டு அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி அதைத் தாற்காலிகமாக ஒத்திவைத்தார். குடிநீர் 2013இல்தான் நாட்டுக்கு அர்ப்பணமாயிற்று. அந்த ஒத்திவைப்பை அறிவித்தது அரசியல். நீதிபதி யாரும் அறிவிக்கவில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிய சிறிய ரயில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நின்றது. அந்தப் பாதையை மீட்க அடிக்கல் நாட்டவே 2019 ஆயிற்று. முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தாமதத்தில் மாவட்டத்தார் கேட்டதெல்லாம் ரயில்வே எப்போது பணம் ஒதுக்கும், நிலத்தை எப்போது எடுக்கும் என்ற கேள்விகளே. மத்திய சர்க்காரின் புள்ளியியல் அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களைக் கண்காணித்து வெளியிடும் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். நிலமெடுப்பில் சுணக்கம், காட்டு அனுமதியில் சுணக்கம், நிதி திரட்டுவதில் சுணக்கம், வரைபடம் முடிவாகாமை, வேலையின் பரப்பை நடுவில் மாற்றுவது, டெண்டரில் தாமதம் என்று காரணங்கள் நீண்டு செல்கின்றன. இவற்றில் மிகப் பல, எந்த நீதிபதியும் கைவைக்காத இலாகாக் கோப்புகளில் பிறந்தவை.

3. மக்கள் எப்போது வர வேண்டும் என்கிறீர்கள்? என் மறுப்பின் உயிர்நிலை இக்கேள்வியில்தான் இருக்கிறது. எனவே இதில் சற்று நின்று பேச வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் நடைமுறையைப் பாருங்கள். 3ஏ பிரிவின் கீழ் நிலத்தை எடுக்கும் எண்ணம் அறிவிக்கப்படுகிறது. இருபத்தொரு நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதலாம்; அதைக் கேட்டு முடிவு சொல்பவர், நிலத்தை எடுக்கும் சர்க்காரே நியமித்த அதிகாரி. அடுத்து 3டி பிரிவின் கீழ்ப் பிரகடனம் வெளியாகிறது. வெளியான அக்கணமே நிலம் எல்லாப் பந்தங்களும் நீங்கி மத்திய சர்க்காருக்கு உரியதாகிவிடுகிறது. அப்பிரகடனத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கலாகாது என்று அதே பிரிவு சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், எடுப்பதற்கு முன் சமூகப் பாதிப்பை ஆராய வேண்டுமென்று நாட்டுக்கெல்லாம் விதித்தது. ஆனால் நெடுஞ்சாலைச் சட்டத்தை அந்த விதியிலிருந்து விலக்கி வைத்துவிட்டது.

எட்டுவழிச் சாலை வழக்கில் உயர்நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதியைப் பெற்ற பிறகே நிலமெடுப்பைத் தொடங்க வேண்டும் என்றது. உச்சநீதிமன்றமோ, 3ஏ அறிவிக்கை வெறும் எண்ணத்தின் வெளியீடே, அந்தக் கட்டத்தில் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றது. அதுவே இன்றைய சட்டம், அதற்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்கும் உரிமை பிரஜைக்கு உண்டு. எண்ணம் மட்டும் அறிவிக்கப்பட்ட நாளில் வந்தவன் சீக்கிரம் வந்துவிட்டான். பிரகடனம் வந்தபின் வருபவனை எந்த நீதிமன்றத்திலும் பேசலாகாது என்று சட்டம் தடுக்கிறது. ரிட் அதிகாரம் என்ற ஒன்று இருப்பதால்தான் அவன் வாய்திறக்கவே முடிகிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணையோ 3ஏ அறிவிக்கைக்குப் பின்னரே நடக்கலாம் என்றாகிறது. இதைவிடச் சேதம் குறைந்த மாற்றுவழி உண்டா என்று அங்கே கேட்கிறார்கள். கோட்டை வரைந்து, நிலத்தை எடுக்கும் எண்ணத்தையும் அறிவித்துவிட்ட பிறகு, மாற்றுவழி உண்டு என்று எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்?

வேலை தொடங்கியபின் வந்தால்? நர்மதை அணை வழக்கை நினைவுகூருங்கள். 1987இல் தொடங்கிய வேலையை எதிர்த்து 1994இல் வழக்குப் போட்டவர்களைப் பார்த்து, நீங்கள் காலம் கடந்து வந்தீர்கள் என்று 2000 அக்டோபர் 18ஆம் தேதியின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லிற்று. நீதிபதி பரூச்சா மட்டும் மாறுபட்டார். கூடங்குளம் வழக்கில் 2013 மே 6ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது முதல் உலையில் எரிபொருள் ஏற்றப்பட்டுவிட்டது. அண்மையில் நடந்ததையும் பாருங்கள்: முன்னனுமதி பெறாமல் கட்டிவிட்டுப் பின்னால் அனுமதி வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை உச்சநீதிமன்றம் 2025 மே 16ஆம் தேதி சட்டவிரோதம் என்று அறுத்தெறிந்தது; ஆனால் கட்டியவற்றை இடித்தால் பல்லாயிரம் கோடி பொதுப்பணம் வீணாகுமே என்ற கவலை மேலோங்க, அதே நீதிமன்றத்தின் மூவர் அமர்வில் இருவர் அவ்வாண்டு நவம்பர் 18ஆம் தேதி அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள். கான்கிரீட் இறுகிவிட்டால் சட்டம் அதற்கு வளைந்து கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முன்னால் வந்தவனுக்கு அவசரக்காரன் என்றும் பின்னால் வந்தவனுக்குத் தூங்கியவன் என்றும் பெயர் சூட்டும் ஒரு முறையில், இடையில் எஞ்சியிருக்கும் சிறு இடைவெளியையும் அடைத்துவிடுவதைச் சீர்திருத்தம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

4. நீதிபதி பொறியியலாளர் அல்லர் என்றால், அவர் சாலை போட்டாரா? எந்த நீதிமன்றமும் சாலையின் வளைவை வரைந்து கொடுக்கவில்லை. முடிவு செய்தவர்கள் சட்டம் சொன்ன வழியில் நடந்தார்களா, பார்க்க வேண்டியதைப் பார்த்தார்களா என்பதே அங்கே எழும் கேள்வி. அதற்கு எட்டுவழிச் சாலை வழக்கிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. இதை நம் எதிர்த்தரப்பினர் குறிப்பிடுவதே இல்லை. நிலம் இன்னும் சட்டப்படி எடுக்கப்படாத நிலையிலேயே வருவாய்ப் பதிவேடுகளில் உடையவர்களின் பெயர் நீக்கப்பட்டு, எடுக்கும் தரப்பின் பெயர் ஏற்றப்பட்டிருந்தது. உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்து பழைய பெயர்களையே மீண்டும் பதியுமாறு உத்தரவிட்டது. மற்ற அம்சங்களில் சர்க்காருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றமும் இந்த ஓர் அம்சத்தில் உயர்நீதிமன்றம் செய்தது சரியே என்று உறுதி செய்தது. பட்டாவில் பெயரில்லாதவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்காது. கிரயம் செய்யவும் முடியாது. மகளின் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கவும் முடியாது. சர்க்கார் வென்ற வழக்கிலேயே இத்தனை பெரிய அநீதி வெளிப்பட்டது. வாசல் அடைத்திருந்தால் இது எங்கே வெளிப்பட்டிருக்கும்? தாசில்தார் அலுவலகத்திலா?

கோவாவின் மோப்பா விமான நிலையத்தையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். அனுமதி கோரிய விண்ணப்பத்தில் அருகிலுள்ள காடுகளையும் சூழலியல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளையும் பற்றிய உண்மைகள் மறைக்கப்பட்டிருந்ததைக் கண்ட உச்சநீதிமன்றம், 2019 மார்ச் 29ஆம் தேதி அனுமதியை நிறுத்தி வைத்து, நிபுணர் குழு ஒரு மாதத்துக்குள் மீண்டும் ஆராய வேண்டும் என்றது. நிபுணத்துவம் தேவைப்படும் கேள்வி நிபுணர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டது. கூடுதல் நிபந்தனைகளுடன் 2020 ஜனவரியில் தடை நீங்கியது. 2022 டிசம்பரில் விமான நிலையம் திறக்கப்பட்டது. பரிசீலனையும் நடந்தது, விமானமும் பறக்கிறது.

5. தேர்ந்தெடுக்கப்பட்ட சர்க்காரின் முடிவைத் தேர்ந்தெடுக்கப்படாதவர் மாற்றலாமா? சட்டத்தை இயற்றியதும் தேர்ந்தெடுக்கப்பட்ட பார்லிமெண்டுதான். அச்சட்டத்தின்படி நட என்று இலாகாவுக்குச் சொல்வது ஜனநாயகத்துக்கு எதிரானது என்றால், அந்த ஜனநாயகம் இலாகாவின் கோப்பிலே முடிந்துவிடுகிறது. சாலையின் கோட்டை எந்தச் சட்டசபையும் வாக்கெடுத்துத் தீர்மானிக்கவில்லை; ஓர் ஆலோசனை நிறுவனம் வரைந்து தர, அதிகாரிகள் ஒப்பினார்கள். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23ஆம் தேதி கண்மூடிய இந்த ஊரில், அரசு செய்தது என்பதாலேயே அது நியாயமாகிவிடும் என்ற வாதத்தை ஏற்பவர் மிகச் சிலரே.

6. இங்கிலாந்தைப் பாருங்கள் என்கிறார்களே? பார்ப்போம். அங்கே பெருந்திட்டங்களை எதிர்க்கும் வழக்குகள் குறித்துப் பேனர் பிரபு தயாரித்த பரிசீலனை அறிக்கை 2024 அக்டோபரில் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து, சற்றும் வலுவில்லாத வழக்கை மூன்று முறை எழுப்ப இருந்த வாய்ப்பை ஒரே முறையாகக் குறைக்கப்போவதாக அந்நாட்டுச் சர்க்கார் 2025 ஜனவரியில் அறிவித்தது. இதை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு வந்து நமக்கு உபதேசிப்பவர்கள், அந்த நாட்டின் 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் சொல்லும் முன்பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே முடிவு எடுப்பதற்கு முன்னரே, விண்ணப்பத்தின் ஆவணங்கள் அனைத்தும் வெளிப்படையாக வைக்கப்பட்டு, ஆட்சேபம் உள்ள எவரும் எழுதவும் பேசவும் இடமளித்து, ஆறு மாதம் வரை பரிசோதகர்கள் ஆராய்கிறார்கள்; அதற்குப் பின் மூன்று மாதத்தில் பரிந்துரை, இன்னும் மூன்று மாதத்தில் மந்திரியின் முடிவு; அம்முடிவை எதிர்க்க ஆறு வாரம். தொடக்கத்தில் முழுமையாகக் கேட்கப்பட்டவனிடம் கடைசியில் சுருக்கமாகப் பேசு என்பது பொருத்தமே. நம் நாட்டிலோ சூழல் பாதிப்பு ஆய்வறிக்கையின் சுருக்கம் மட்டுமே உள்ளூர் மொழியில் தரப்படுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மூல அறிக்கை ஆங்கிலத்திலேயே கிடக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கையை அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடுமாறு டில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்த மொழிபெயர்ப்பைக் கூட எதிர்த்து மத்திய சர்க்கார் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. இத்தகைய நாட்டில் பின்பாதியை மட்டும் இறக்குமதி செய்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

7. அரசியல் சாசனம் இதை அனுமதிக்குமா? இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. உயர்நீதிமன்றங்களின் பரிசீலனை அதிகாரம் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 1997இல் சந்திரகுமார் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. சட்டத்தால் அடைக்க முடியாத வாசலை, தயக்கத்தால் அடைக்கச் செய்யும் முயற்சியே இப்போது நடக்கிறது. 2018இன் ஒப்பந்தத் திருத்தத்தை எடுத்துக்காட்டி, கட்டுமான டெண்டர்களைப் பற்றிய ரிட் மனுக்களிலும் தடையாணை பிறப்பிக்க நீதிமன்றங்கள் மிகவும் தயங்க வேண்டும் என்று 2022இல் உச்சநீதிமன்றமே சொன்னதை இவ்வகையில் கவலையோடு நோக்குகிறேன். டெண்டர் கிடைக்காத ஒப்பந்ததாரருக்குச் சொன்ன அறிவுரை, புளியமரமும் மாந்தோப்பும் கிணறும் இழப்பவனுக்குப் பொருந்தும் சட்டமாக நாளை வளர்ந்துவிடலாகாது.

அப்படியானால் மாற்றமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்; அது எதிர்த்திசையில் வேண்டும். அந்த 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தையே மறுபடியும் திறந்து பாருங்கள். தடையாணையைத் தடுத்த அதே சட்டம், கட்டுமான ஒப்பந்த வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றங்களைக் குறித்து ஒதுக்கச் சொல்கிறது. சம்மன் சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டுமென்றும், தேவையானால் ஆறு மாதத்துக்கு மேற்படாமல் நீட்டிக்கலாமென்றும் கெடு வைக்கிறது. விரைவான நீதி சாத்தியமென்று பார்லிமெண்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஒப்பந்ததாரருக்கு அதை அளித்துவிட்டுப் பட்டாதாரருக்கு அளிக்க மறந்துவிட்டது. 3ஏ அறிவிக்கைக்கு முன்னரே மாற்றுவழிகளையும் சூழல் பாதிப்பையும் பற்றிய முழு அறிக்கை தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்படட்டும். வட்டந்தோறும் பொது விசாரணை நடக்கட்டும். அதன்பின் எடுக்கும் முடிவை எதிர்ப்பவர் அனைவரும் குறித்த நாட்களுக்குள் ஒரே முறை, உயர்நீதிமன்றத்தின் ஒரே அமர்வில், எல்லா வாதங்களையும் வைக்கட்டும். அந்த அமர்வு ஆறு மாதத்தில் தீர்ப்புச் சொல்லட்டும். காலத்தின் விலையைப் பற்றிய அவர்களுடைய கவலையும், மூன்று வாசல்களைப் பற்றிய அவர்களுடைய முறையீடும் இதனால் தீரும். அந்த ஆறு மாதத்தில் சர்க்கார் விரிவான திட்ட அறிக்கையைத் தயாரிக்கலாம், நிதி திரட்டலாம், டெண்டர் ஆவணங்களை எழுதலாம். வயலில் கல் நடுவதும் பட்டாவில் பெயர் மாற்றுவதும் மட்டும் அதுவரை கூடாது.